வளைந்த பாதம் நிமிர்ந்த வரலாறு

பெரிய மருத்துவமனைகளில் 'முடநீக்கியல் துறை' என்ற பெயர்ப்பலகையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதன் வாசலில் காத்திருப்போரில் பெரியவர்களே மிகுதி. ஆயினும் இத்துறைக்கு மேனாட்டார் இட்ட பெயர் குழந்தைகளை முன்னிட்டே பிறந்தது. 1741-ஆம் ஆண்டில், எண்பது வயதைக் கடந்த நிக்கோலா ஆந்த்ரி என்னும் பாரிஸ் மருத்துவர், 'நேர்', 'குழந்தை' என்று பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து 'ஆர்த்தோபீடி' என்ற சொல்லைப் படைத்தார். கோணிய இளமரம் ஒன்றைக் கழியோடு சேர்த்துக் கட்டியிருக்கும் படம் அவருடைய நூலில் உண்டு. இன்றும் அதுவே இத்துறையின் சின்னமாகும்.

அந்த இளமரத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு, வளைபாதத்தோடு பிறக்கும் குழந்தை. ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இக்குறை இருக்கும். அவர்களில் பாதிப் பேருக்கு இரண்டு பாதங்களிலும் இருக்கும். குதிகால் மேலே தூக்கியிருக்கும். உள்ளங்கால் உட்புறம் திரும்பியிருக்கும். கவனிக்காமல் விட்டால் குழந்தை பாதத்தின் வெளிவிளிம்பை ஊன்றியே நடக்கும். கிரகணத்தன்று தாய் வெளியே வந்ததால் வந்த வினை என்று நம் பாட்டிமார் சொல்வதுண்டு. கிரகணத்துக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

கி.மு. 400-ஐ ஒட்டியே ஹிப்பாக்ரட்டீஸ் பெயரால் வழங்கும் நூல்கள் இதற்கு மருத்துவம் சொல்லிவிட்டன. பிறந்தவுடன் தொடங்கு, கையால் மெல்லத் திருத்து, துணியால் கட்டு, கட்டை மாற்றி மாற்றிப் போடு என்பதே அதன் சாரம். வியப்பு என்னவென்றால், இந்த எளிய வழிக்கு மருத்துவ உலகம் திரும்பி வர இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

இடையில் நடந்தவற்றுள் ஒன்று மிக முக்கியமானது. உங்கள் குதிகாலுக்கு மேலே பின்புறம் தொட்டுப் பாருங்கள்; கயிறு போல ஒரு தசைநாண் தட்டுப்படும். வளைபாதத்தில் இது குறுகி இறுகியிருக்கும். 1831-இல் ஜெர்மனியில் ஸ்ட்ரோமேயர் என்பவர் தோலில் ஒரு சிறு துளையிட்டு அதன் வழியே இந்த நாணை வெட்டிவிட்டார். மயக்க மருந்தும் கிருமிநாசினியும் இல்லாத காலம் அது. துளை சிறியதாக இருந்ததால் சீழ் பிடிக்கவில்லை. பிள்ளைப் பருவ நோயால் கால் வளைந்துபோன வில்லியம் லிட்டில் என்ற லண்டன் மருத்துவர், 1836-இல் அவரைத் தேடிச் சென்று தம் காலையே அவரிடம் ஒப்படைத்தார். கால் நிமிர்ந்தது. அவர் அக்கலையைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்.

மயக்க மருந்து வந்தபின் மருத்துவர்களின் துணிவு பெருகியது. பாதத்தைத் திறந்து மூட்டுகளையும் நார்களையும் அறுத்துத் திருத்தலாயினர். சிலர் திருகுகோல் போன்ற கருவியால் பாதத்தைப் பலவந்தமாக முறுக்கினர். அறுவை முடிந்ததும் பாதம் பார்வைக்கு அழகாகவே இருந்தது. அந்தக் குழந்தை நாற்பது வயதில் எப்படி நடந்தது என்று பார்த்தவர்தாம் குறைவு.

பார்த்தவர்களில் ஒருவர் இக்னாசியோ பொன்செட்டி. 1914-இல் ஸ்பெயினின் மெனோர்கா தீவில் கடிகாரம் செய்பவரின் மகனாகப் பிறந்தவர். உள்நாட்டுப் போரில் குடியரசுப் படையின் மருத்துவராக இருந்தார். தோல்விக்குப் பின் நாட்டை விட்டு வெளியேறி, மெக்சிகோவின் ஒரு சிற்றூரில் மருத்துவம் பார்த்து, 1941-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தை அடைந்தார். அங்கே முன்பு அறுவை செய்துகொண்டவர்களின் பாதங்கள் விறைத்தும் வலித்தும் கிடப்பதைக் கண்டார்.

கணுக்காலின் உச்சியில் தாலஸ் என்ற எலும்பு இருக்கிறது. பாதத்தின் மற்ற எலும்புகள் அதைச் சுற்றியே திரும்புகின்றன. அதற்கு முன் மாவுக்கட்டுப் போட்டவர்கள் கட்டைவிரலை வேறிடத்தில் அழுத்தி, திரும்ப வேண்டிய குதிகால் எலும்பையே தடுத்து வந்தனர். பொன்செட்டி தாலஸின் முனையில் விரலை வைத்தார். முதல் கட்டில் முன்பாதத்தை மேலும் உட்புறமாகவே சாய்ப்பார். பார்க்கும் தாய்க்குக் கோணல் கூடிவிட்டதோ என்று தோன்றும்! உண்மையில் முன்பாதமும் பின்பாதமும் அப்போதுதான் ஒரே வரிசைக்கு வருகின்றன. பிறகு வாரம் ஒரு முறை சில நிமிடம் மெல்ல நீவித் திருப்பி, விரலிலிருந்து தொடை வரை புது மாவுக்கட்டு. ஐந்தாறு கட்டுகளில் கோணல் தீரும். பெரும்பாலோருக்குக் கடைசியில் குதிகால் நாணை மட்டும் வெட்டிவிட வேண்டும். மூன்று வாரத்தில் அது நீண்டு ஒட்டிக்கொள்ளும். இங்கே ஸ்ட்ரோமேயர் திரும்ப வருகிறார், பாருங்கள்.

இதை அவர் 1963-இல் கட்டுரையாக வெளியிட்டார். பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. 1970-களிலும் 1980-களிலும் பெரிய அறுவைகளே ஓங்கி நின்றன. அறுவை மேசையின் கவர்ச்சி மாவுக்கட்டுக்கு ஏது? 1995-இல் வெளியான ஆய்வு நிலைமையை மாற்றியது. குழந்தையாக அவரிடம் வந்த 45 பேர் அப்போது சராசரியாக 34 வயதினர். அவர்களில் 78 விழுக்காட்டினரின் பாதங்கள் நன்றாக இருந்தன. பிறவிக் குறையே இல்லாதவர்களிடம் கூட அந்த அளவு 85 விழுக்காடுதான். அதன்பின் பெற்றோரே இணையத்தின் வழியே செய்தியைப் பரப்பினர். 2009-இல் தமது 95-ஆம் வயதில் பொன்செட்டி மறையுமுன், அவர் முறை உலகெங்கும் சென்றுவிட்டது.

இம்முறை தோற்பது பெரும்பாலும் வீட்டில்தான். கட்டுப் பிரித்ததும் ஒரு தண்டில் பொருத்திய காலணிகளைக் குழந்தைக்கு அணிவிக்க வேண்டும். மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம், பிறகு நான்கு வயது வரை உறங்கும்போது. கால் நேராகிவிட்டதே, இன்னும் எதற்கு என்று குழந்தை அழும் இரவில் கழற்றி வைத்துவிடுகிறார்கள். சில மாதங்களில் பாதம் மீண்டும் உட்புறம் திரும்பத் தொடங்குகிறது.