பக்கத்தில் உட்கார்ந்து கதை சொன்னவர்கள்

1905-இல் திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில படச்சுருள்களையும் வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டக் கிளம்பினார். அந்தச் சுருள்களில் இயேசுவின் வாழ்க்கை இருந்தது. நம் ஜனங்கள் குடும்பத்தோடு போய்ப் பார்த்த முதல் படங்களே இப்படி வேற்று நாட்டுப் படங்கள்தான். 1931 அக்டோபர் 31-இல் ‘காளிதாஸ்’ வரும் வரை திரை தமிழ் பேசவில்லை.

ஊமைப் படத்தின் நடுவே எழுத்து அட்டைகள் வரும். முதலில் ஆங்கிலத்தில் மட்டும், போகப் போக இந்திய மொழிகளிலும். படிக்கத் தெரியாதவர்களுக்காகத் திரைக்கு ஓரமாக ஒருவர் நின்று கதையை உரக்கச் சொல்லுவார். 1927-இல் ஆங்கில அரசு சினிமாவைப் பற்றி விசாரிக்க ஒரு குழு போட்டது. தலைவர் சென்னை வக்கீல் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். இந்தியாவில் ஓடுபவற்றில் பெரும்பாலானவை அமெரிக்கப் படங்கள் என்றும், வெளிநாட்டுப் படங்களில் ஜனங்களை அதிகம் இழுத்தது டக்ளஸ் பேர்பாங்க்ஸ் நடித்த ‘தீஃப் ஆஃப் பாக்தாத்’ என்றும் அந்தக் குழு 1928-இல் எழுதி வைத்தது.

அந்தப் படத்தை என் தாத்தா பார்த்திருக்கிறார். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிக்குழியில் கால் விட்டுக்கொண்டே சொல்வார். பேர்பாங்க்ஸின் பெயர் அவருக்குத் தெரியாது. பறக்கும் ஜமுக்காளம் ஞாபகம் இருந்தது. அதைவிட, ஓரமாக நின்று கதை சொன்ன ஆளை நன்றாக ஞாபகம் இருந்தது. ராஜாவுக்கு ஒரு குரல், திருடனுக்கு ஒரு குரல், இளவரசி வந்தால் கீச்சுக் குரல். கதை சொன்ன அவர்கள் யார், பேசும் படம் வந்த பிறகு என்ன வேலைக்குப் போனார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லையே என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் உண்டு.

ஆனால் அந்த வேலை ஒழிந்துபோகவில்லை. திரைக்குப் பக்கத்திலிருந்து எழுந்து எங்கள் பெஞ்சுக்கு நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது.

காஞ்சிபுரத்தில் அது சுலபமாக நடந்ததற்குக் காரணம் உண்டு. வைகாசி கருட சேவையில் வரதராஜப் பெருமாள் புறப்படும்போது முன்னால் திவ்யப் பிரபந்த கோஷ்டி, பின்னால் வேத பாராயணம். தெருவில் நிற்கிறவர்களில் எத்தனை பேருக்கு வேதம் புரியும்? முன்னால் போவதற்கும் பின்னால் வருவதற்கும் ஒரே மாதிரிதான் கை குவிப்பார்கள். எங்கள் நெசவாளர் தெருவிலும் அப்படித்தான். நாங்கள் செங்குந்தர், வீட்டில் தமிழ். அடுத்த வீட்டுப் பத்மசாலியர் வீட்டுக்குள் தெலுங்கு. தேவாங்கரில் கன்னடம் பேசுகிறவர்களும் உண்டு. தறியில் பாவு எல்லாருக்கும் பாவுதான். பாதி புரிகிற பேச்சைக் கேட்டு மீதியை முகத்தைப் பார்த்து நிரப்பிக்கொள்வது எங்களுக்குச் சின்ன வயதிலேயே வந்துவிடும்.

சினிமாவுக்குப் போக நாள் இரண்டு: அமாவாசை, சேலை அறுத்த நாள். அமாவாசையன்று தறி ஓடாது. ஒரு பாவில் மூன்று சேலை. ஒன்றை அறுத்து முதலாளியிடம் கொடுத்தால்தான் கூலி கைக்கு வரும். ஐப்பசி மழையில் தறிக்குழிக்குள் தண்ணீர் ஊறும், வேலை நிற்கும். பொழுது நிறைய இருக்கும், காசு இருக்காது. ஆகவே அமாவாசையும் கூலியும் சேர்ந்து வருகிற மாதம் வீடே கொண்டாட்டமாக இருக்கும்.

அப்படி ஒரு மாதத்தில் பெரியப்பா எங்கள் எல்லாரையும் ‘மெக்கன்னாஸ் கோல்டு’க்கு அழைத்துப் போனார். 1969-இல் வந்த படம். தமிழ்நாட்டில் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். எழுபதுகளின் நடுவில் நாங்கள் பார்த்த பிரதியில் மழை பெய்வது போலக் கோடு ஓடியது. ஆயாவுக்கு ஒரு பக்கம் பெரியப்பா, மறு பக்கம் நான். ஆயா ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் “இன்னாடா சொல்றான்?” என்று கேட்பார். எஸ்.எஸ்.எல்.சி. படித்த பெரியப்பா காதோடு சொல்லுவார். அவருக்கும் எல்லாம் புரியவில்லை என்று இப்போது தெரிகிறது. கிரெகரி பெக்கும் ஒமர் ஷெரீப்பும் பங்காளிகள் என்று ஒரு கதையைக் கட்டிவிட்டார். அதனால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. விடியற்காலையில் பாறைத் தூணின் நிழல் நீண்டு நீண்டு போய்த் தங்கம் இருக்கும் இடத்துக்கு வழி காட்டுகிற கட்டம் வந்ததும் ஆயா கேட்பதை நிறுத்திவிட்டார். முன் பெஞ்சு, பின் பெஞ்சு எல்லாமே அப்போது பேச்சில்லாமல் இருந்தது.

கோர்வைச் சேலை நெய்ய இரண்டு பேர் வேண்டும். உடலுக்கு நாடா போடுகிறவர் ஒருவர், பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளுகிற பிள்ளை ஒன்று. எங்கள் வீட்டில் பிறமொழிப் படம் பார்த்தது அந்தக் கோர்வை மாதிரிதான்.

இதே ஊரில் நெசவாளர் குடும்பத்தில் 1909-இல் பிறந்தவர் அண்ணா. 1942-இல் இங்கிருந்து ‘திராவிட நாடு’ இதழைத் தொடங்கியவர். 1949-இல் கலைவாணருக்காக அவர் எழுதிய ‘நல்லதம்பி’, பிராங்க் காப்ராவின் 1936-ஆம் ஆண்டுப் படமான ‘மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன்’ கதையைத் தழுவியது. திடீரென்று பெரிய சொத்துக்கு வாரிசாகிவிடும் ஒரு சாதாரண மனிதனின் கதை. ஓர் ஆங்கிலப் படத்தைக் தமிழரின் காதோடு சொன்னவராகவே அண்ணாவை நான் பார்க்கிறேன். 1965-இல் மாணவர்கள் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள். 1968 ஜனவரியில் அண்ணாவின் அரசு சட்டமன்றத்தில் இருமொழித் தீர்மானம் கொண்டுவந்தது. அடுத்த வருஷமே ‘ஆராதனா’ வந்தது. இந்தியிலேயே சென்னையில் நூறு நாள் தாண்டி ஓடியது. இதில் முரண்பாடு இருப்பதாக வெளியூர் நண்பர்கள் சொல்வதை ஒத்துக்கொள்ள மாட்டேன். பாடப் புத்தகத்தில் வந்து உட்காரும் இந்திக்கும், நாங்களே காசு கொடுத்து டிக்கெட் வாங்கிப் பார்க்கும் இந்திக்கும் உள்ள வித்தியாசம் எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். ‘ஆராதனா’வின் நாயகன் ராஜேஷ் கன்னாவை ரசித்தவர்களில் 1965-இல் கறுப்புக் கொடி ஏற்றியவர்களும் இருந்தார்கள்.

தெலுங்குப் படத்துக்குப் பெரியப்பாவை விட்டுவிட்டு அடுத்த வீட்டு அக்காவைப் பிடித்துக்கொள்வோம். 1978-இல் பாலசந்தரின் ‘மரோ சரித்ரா’ தெலுங்கிலேயே சென்னை சஃபையர் தியேட்டரில் ஐந்நூறு நாட்களுக்கு மேல் ஓடியது. தமிழ்ப் பையன், தெலுங்குப் பெண், ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாது. எங்கள் தெருக் கதையேதான்! 1980-இல் வந்த ‘சங்கராபரணம்’ அந்த அக்கா பேசாமலே அழுத படம். நாங்களும் விளக்கம் கேட்கவில்லை.

தொண்ணூறுகளுக்குப் பிறகு வெளிநாட்டு ஹீரோக்கள் தமிழ் பேச ஆரம்பித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஆள் தேவைப்படவில்லை. 2008-இல் டொரண்டோ திரைப்பட விழாவில் பிரியதர்ஷனின் ‘காஞ்சிவரம்’ காட்டப்பட்டபோது எங்கள் தறியே அந்நிய மொழிப் படம் ஆயிற்று. பாவையும் ஊடையையும் அங்கே யாருக்கு யார் காதோடு சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தேன்.

2025 செப்டம்பரில் ‘டெமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி கேஸில்’ என்ற ஜப்பானிய அனிமேஷன் படம் வந்தது. தமிழ் டப்பிங்கும் உண்டு. தம்பியின் பேத்திக்கு அது வேண்டாமாம், ஜப்பானிய மொழியில்தான் பார்க்க வேண்டுமாம். சென்னைக்குப் போனோம், எண்பது தாண்டிய அம்மாவும் கூட. அம்மாவுக்குக் கீழே ஓடும் ஆங்கில எழுத்து எட்டாது. குழந்தை ஒரு பக்கம் உட்கார்ந்து, “பாட்டி, இவன் தங்கச்சிதான் அவ. அரக்கியா மாறிட்டா, ஆனா நல்லவ” என்று தொடங்கியது. அம்மா தலையாட்டினார். அவர் கண் கதாநாயகனின் மேலங்கியிலேயே இருந்தது. பச்சையும் கறுப்புமாகப் பெரிய பெரிய கட்டம்.

“இது நெசவா, சாயமா?” என்றார். குழந்தைக்குத் தெரியவில்லை.

“நெசவுன்னா பாவுலயும் ரெண்டு கலர் போடணும், ஊடையிலயும் மாத்தி மாத்திப் போடணும். அப்பகூட ஓரம் இவ்ளோ சுத்தமா வராது. ரெண்டு கலரும் கலந்த கட்டம் ஒண்ணு நடுவுல விழும். இது சாயந்தான்.” இப்போது குழந்தை படத்தை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்துக் கேட்டது: “ஊடைன்னா என்ன பாட்டி?”