ஒரு துளைக்கான போர் – 7: பட்டன் போன் மட்டும் வெளியே

போன வாரம் உங்களை ஸ்ட்ராஸ்பர்க்கில் விட்டுவிட்டு வந்தேன்.

ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் ஓட்டு முடிந்துவிட்டது. ஆதரவு 602. எதிர்ப்பு 13. எந்தப் பக்கமும் சேராதவர்கள் 8 பேர். 2024 முடிவதற்குள் அங்கே விற்கும் போன், டேப்லெட், கேமரா எல்லாவற்றுக்கும் ஒரே துளை. சி-டைப். பத்து வருஷமாகத் தனக்கென்று ஒரு பின் வைத்திருந்த ஆப்பிளுக்கும் அதே சட்டம்தான்.

அங்கே மேஜைகளைத் தட்டிக் கொண்டாடியிருக்கலாம். எனக்கு நம் ஊர் ஞாபகம்தான் வந்தது.

ஐரோப்பா கதவைச் சாத்தினால், அங்கே விலைபோகாத பழைய பின் சரக்கு எங்கே போகும்?

டெல்லியில் ஒருவரை இதே கேள்வி அரித்துக்கொண்டிருந்தது. ரோஹித் குமார் சிங். அப்போது மத்திய நுகர்வோர் விவகாரத் துறையின் செயலாளர். ஐரோப்பாவில் ஓட்டுப்பதிவு நடக்கும் முன்பே, ஆகஸ்டில், கம்பெனிக்காரர்களை ஒருமுறை கூப்பிட்டுப் பேசிவிட்டார். நாம் நகராவிட்டால் அந்தச் சரக்கெல்லாம் இங்கே வந்து கொட்டப்படும் என்ற அச்சம் அப்போதே அதிகாரிகள் வாயில் அடிபட்டது.

ஸ்ட்ராஸ்பர்க் ஓட்டுக்கு ஆறு வாரம் கழித்து, 2022 நவம்பர் 16. இரண்டாவது கூட்டம். இந்த வாரக் கதை அந்தக் கூட்டம்தான்.

உள்ளே போகும் முன் ஒரே ஒரு பழைய கதை. பொறுத்துக்கொள்ளுங்கள், இது தெரியாமல் அந்த அறையில் நடந்தது புரியாது.

எங்கள் நல்லூர்ப் பக்கம் முதன்முதலாக செல்போன் வந்த காலத்தில் பொதுச் சார்ஜர் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் பொதுச் சார்ஜர் இருந்தது! நோக்கியா பின். முதலில் தடித்த பின், பிறகு சின்ன பின். 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை ஓடத் தொடங்கியது. அதன் பிறகு தமிழ்நாட்டில் யார் மடியைத் தடவினாலும் நோக்கியாதான். கல்யாண வீட்டுக்குப் போனாலும், வங்கி வரிசையில் நின்றாலும், "சின்ன பின் இருக்கா?" என்று கேட்டால் போதும். யாராவது ஒருவர் எடுத்து நீட்டிவிடுவார். கம்பெனி தன் லாபத்துக்குச் செய்ததுதான். ஆனாலும் எளிய ஜனத்துக்கு அது பொதுச் சொத்தாகவே இருந்தது.

2014 நவம்பரில் அந்த ஆலை மூடப்பட்டது. சின்ன பின்னும் மெல்லக் காணாமல் போனது. அதன் இடத்துக்கு மைக்ரோ யுஎஸ்பி வந்தது.

உங்கள் வீட்டில் பட்டன் போன் இருந்தால் அதன் சார்ஜர் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் குறுகல். மிளகில் பாதிகூட இல்லாத இரண்டு கொக்கிகள். துளைக்குள் பிடித்துக்கொள்வது அவைதான். ஒரு பக்கமாகத்தான் நுழையும். கண் மங்கிய பெரியவர் ராத்திரி நேரத்தில் தலைகீழாக வைத்து அழுத்தினால் துளைக்குள் இருக்கும் மெல்லிய நாக்கு வளைந்துவிடும். கொக்கி தேய்ந்துபோனால் ஒயரை வளைத்து, மேலே ஒரு கல்லை வைத்துத்தான் சார்ஜ் ஏற்ற வேண்டும்.

சி-டைப்பில் இந்தப் பாடே இல்லை. எப்படிப் போட்டாலும் நுழையும்.

அப்படியானால் அது முதலில் யாருக்கு வேண்டும்? கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு என்னோடு அந்த நவம்பர் கூட்டத்துக்கு வாருங்கள்.

தலைமை நாற்காலியில் சிங். ஒரு பக்கம் தொழில்துறைச் சங்கங்கள்: மெய்ட், ஃபிக்கி, சிஐஐ. இன்னொரு பக்கம் கான்பூர் ஐஐடியும் வாரணாசி பிஎச்யூ ஐஐடியும். கூடவே சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ஆட்கள்.

எல்லோருக்கும் மனசுக்குள் வெவ்வேறு கணக்கு.

சிங்குக்கு இரண்டு கவலை. ஒன்று, வாங்குகிறவர் ஒவ்வொரு போனுக்கும் ஒரு சார்ஜருக்குக் காசு அழுவது. இன்னொன்று, குப்பை. 2021-ல் இந்தியாவில் சேர்ந்த மின்னணுக் கழிவு 50 லட்சம் டன் என்று ஒரு மதிப்பீடு. சீனா, அமெரிக்காவுக்கு அடுத்த இடம். அதே வருஷம் கிளாஸ்கோ மாநாட்டில், சுற்றுச்சூழலுக்கு இசைந்த வாழ்க்கைமுறை வேண்டும் என்று பிரதமர் பேசிவிட்டு வந்திருந்தார். பேச்சுக்குக் கைமேல் ஒரு சாட்சி வேண்டுமே! சார்ஜரைவிடச் சுலபமான சாட்சி எது? ஊரில் எல்லார் வீட்டு அலமாரியிலும் அது சுருண்டு கிடக்கிறது.

தொழில்துறையின் கணக்கு வேறு. சி-டைப்பை அவர்கள் வெறுக்கவில்லை. ஆண்ட்ராய்டு போன்கள் பெரும்பாலும் தாமாகவே அந்தப் பக்கம் போய்விட்டன. அவர்கள் கேட்டது அவகாசம். கையில் இருக்கும் சரக்கு விற்க வேண்டும், அச்சுகளை மாற்ற வேண்டும். அதைவிட முக்கியம், விலை ஏறக் கூடாது.

விலை என்றதும் பேச்சு ஒரே இடத்தில் வந்து நின்றது.

பட்டன் போன்.

ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு விற்கும் சாமான். அதில் ஒவ்வொரு ரூபாயும் எண்ணப்படும். துளையை மாற்றினால் உதிரிப் பாகத்தின் விலை ஏறும். அது வாங்குகிறவர் தலையில்தான் விழும். அவரோ ஏழை.

நேர்மையான வாதம்தான். சிங்கின் துறை ஏழையின் பையைப் பார்த்து அஞ்சியது தப்பில்லை.

ஆகஸ்ட் கூட்டத்திலேயே இதற்கு விதை விழுந்திருந்தது. முதலில் இரண்டு வகைச் சார்ஜர்களோடு தொடங்கலாம், அதில் ஒன்று சி-டைப் என்று அப்போதே பேசிவைத்திருந்தார்கள். இரண்டு என்ற சொல் அன்று யாரையும் உறுத்தவில்லை.

நவம்பரில் அது முடிவாகவே வந்தது.

ஸ்மார்ட்போன், டேப்லெட், லேப்டாப்புக்கு சி-டைப். பெரும்பாலும் எல்லோரும் சம்மதம். கைக்கடிகாரம், காதுக் கருவி போன்றவற்றை ஆராயத் தனியாக ஒரு துணைக்குழு. மின்கழிவில் இதனால் என்ன மாற்றம் வரும் என்று சுற்றுச்சூழல் அமைச்சகம் ஆய்வு செய்யட்டும். எல்லாம் படிப்படியாக வரட்டும்.

பட்டன் போன்?

அதற்கு வேறு துளை வைத்துக்கொள்ளலாம்.

இந்த ஒரு வரியை நான் பலமுறை படித்துவிட்டேன். படிக்கப் படிக்க வயிறு எரிகிறது. ஒரே வீட்டில் மகனிடம் சி-டைப் போன். அப்பாவிடம் பட்டன் போன். மகனின் சார்ஜர் அப்பாவுக்கு உதவாது. அப்பாவின் சார்ஜர் அறுந்தால் இன்னொன்று வாங்கத்தான் வேண்டும். துளையில் மிச்சம் பிடித்த காசு ஒயரில் போகிறது. ஒரே பின் என்று கிளம்பிய திட்டம், இரண்டு பின் தேவைப்படும் வீடுகளை அப்படியே விட்டுவிட்டது. அந்த வீடுகள் நல்லூரில் இருக்கின்றன, வேப்பூரில் இருக்கின்றன, மங்கலம்பேட்டையில் இருக்கின்றன. குப்பையைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் முதலில் குறைத்திருக்க வேண்டிய இடம் இதுதான். துளையின் கூடுதல் விலையை அரசே கொஞ்ச காலம் ஏற்றிருக்கலாம் என்பது என் கட்சி. உற்பத்திக்கு ஊக்கத்தொகை கொடுக்கும் அரசுக்கு இது முடியாத காரியமா?

சரி, கூட்டம் கலைந்தது. அடுத்த ஜனவரியில் இந்தியத் தர நிர்ணய அமைவனம், அதாவது பிஐஎஸ், சி-டைப்புக்கான தரத்தை வெளியிட்டுவிட்டதாக அறிவிப்பு வந்தது. ஐஎஸ்/ஐஇசி 62680-1-3 என்று அதற்கு எண்.

தரம் வெளியிடுவது வேறு. அதைக் கட்டாயமாக்குவது வேறு. நடுவில் இருக்கும் இந்த இடைவெளியில்தான் நம் கதையின் அடுத்த ஆட்டம் முழுவதும் நடக்கப்போகிறது.

ஆனால் அதற்குள் இன்னொரு சிக்கல் தலைநீட்டிவிட்டது.

துளை ஒன்றாகிவிட்டது. ஒயர்?

விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் சுட்டெடுக்கும் பியூஸ் கேரியரைப் பார்த்திருப்பீர்கள். வெளியே எல்லாம் ஒரே வெள்ளை, ஒரே வடிவம். எவ்வளவு கரண்டைத் தாங்கும் என்பது உள்ளே கட்டும் கம்பியைப் பொறுத்தது. சி-டைப் கேபிளும் அப்படித்தான்.

அந்த நீள்வட்ட முனைக்குள் மேலே 12, கீழே 12 என்று 24 தொடுமுனைகளுக்கு இடம் இருக்கிறது. ஆனால் மலிவுக் கேபிளை வெட்டிப் பார்த்தால், தகவலை வேகமாகக் கொண்டுபோகும் கம்பி ஜோடிகளே உள்ளே இருக்காது. சாதாரணக் கேபிள் 60 வாட் வரை தாங்கும். அதற்கு மேல் 240 வாட் வரை போக வேண்டுமென்றால் முனைக்குள் ஒரு குட்டிச் சில்லு வேண்டும். ஒப்போவின் சூப்பர்வூக் போல, சொந்த வேக முறை வைத்திருக்கும் கம்பெனிகளின் போனை வேறு கேபிளில் மாட்டினால், துளைக்குள் கச்சிதமாக நுழையும். சார்ஜ் மட்டும் ஆமை வேகத்தில் ஏறும்.

வெளியே பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. கடைக்காரருக்கே தெரியாது.

ஐரோப்பா இதில் பாதிக் கிணறு தாண்டியது. 15 வாட்டுக்கு மேல் சார்ஜ் ஏறும் கருவி, யுஎஸ்பி பவர் டெலிவரி என்ற பொது முறையையும் ஏற்க வேண்டும் என்று எழுதிவைத்தது. தகவல் ஓடும் வேகத்துக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு வேண்டும் என்று மட்டும் எதுவும் சொல்லவில்லை.

அந்தச் சந்து ஆப்பிளுக்குப் போதுமானதாக இருந்தது.

2023 செப்டம்பர் 12. ஐபோன் 15 அறிமுகமானது. உலகமே அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தது. சி-டைப்! பத்து வருஷப் பிடிவாதம் முடிந்தது என்று தலைப்புச் செய்திகள்.

கொஞ்சம் உள்ளே போய்ப் பாருங்கள். விலை குறைந்த ஐபோன் 15-ல் தகவல் வேகம் நொடிக்கு 480 மெகாபிட். 2000-ல் வந்த யுஎஸ்பி 2 வேகம் அது. பழைய லைட்னிங் பின்னிலும் அதே வேகம்தான். விலை கூடிய புரோ மாடலில் நொடிக்கு 10 ஜிகாபிட். ஆனால் அதன் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்த கேபிளும் யுஎஸ்பி 2 கேபிளே! 10 ஜிபி கல்யாண வீடியோவைக் கணினிக்கு மாற்ற, காகிதக் கணக்குப்படி வேகக் கேபிளில் 8 நொடி. பெட்டிக் கேபிளில் மூன்று நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. வேகம் வேண்டுமா? தனியாகக் காசு கொடுத்துக் கேபிள் வாங்கு.

சட்டம் துளையைத்தான் கேட்டது. துளையைக் கொடுத்துவிட்டார்கள்.

இத்தோடு ஆப்பிள் பணிந்துவிட்டது என்று டெல்லியில் யாராவது நினைத்திருந்தால் அந்த நினைப்பு 11 வாரம்தான் நிலைத்தது.

அதே ஆண்டு நவம்பர் 28. கதவு சாத்திய ஓர் அறை. இந்தத் தடவை கூட்டத்தைக் கூட்டியது மத்திய ஐ.டி. அமைச்சகம். ஐரோப்பாவுக்கு ஆறு மாதம் பிந்தி, 2025 ஜூனில் இந்தியாவிலும் சி-டைப்பைக் கட்டாயமாக்கும் யோசனை முன்னால் இருக்கிறது. சாம்சங் உட்பட மற்றவர்கள் எல்லோரும் சரி என்றுவிட்டார்கள்.

ஒரு கம்பெனி மட்டும் தலையாட்டவில்லை.

ஐபோன் 15 வந்தபிறகும் இந்தியாவில் ஐபோன் 12, 13, 14 விற்றுக்கொண்டிருந்தன. எல்லாம் பழைய பின். விலை குறையக் குறைய நம் ஊர் இளைஞர்கள் ஆசையோடு வாங்குவது அவற்றைத்தான். அந்தப் பழைய மாடல்களை விட்டுவிடுங்கள் என்றது ஆப்பிள். இல்லையென்றால் 2024 முடிந்தபிறகு இன்னும் 18 மாதம் கொடுங்கள் என்றது.

இதுவரை வெறும் கோரிக்கை. அடுத்து வைத்தது துருப்புச் சீட்டு.

பழைய மாடல்களுக்கும் இந்த விதி என்றால், மத்திய அரசின் ஊக்கத்தொகைத் திட்டத்தில் ஒப்புக்கொண்ட உற்பத்தி இலக்கை எங்களால் எட்டவே முடியாது.

அந்த இலக்கின் பெரும்பகுதி எங்கே தயாராகிறது தெரியுமா? நோக்கியா மூடிவிட்டுப் போன அதே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில். ஆயிரக்கணக்கான தமிழ்ப் பெண்கள் ஷிப்ட் பார்க்கும் ஃபாக்ஸ்கான் ஆலையில்.

ஒரு பக்கம் துளை. மறுபக்கம் வேலை. அதிகாரிகள் எதை விட்டுக்கொடுப்பார்கள்?

(அடுத்த வாரம்: ஸ்ரீபெரும்புதூர் என்ற துருப்புச் சீட்டு)