உழவாரமும் உளியும்: தாமிரபரணிக் கரையின் மரக்கட்டுமானமும் தன்னார்வப் புதுப்பிப்பும்

முன்னுரை

தாமிரபரணியின் தென்கரையில் உள்ள கல்லிடைக்குறிச்சி கோயில்களாலும் அக்கிரகாரத் தெருக்களாலும் அறியப்படும் ஊர். கோயிற்கலை என்றதும் கல்லே நினைவுக்கு வரினும், இவ்வட்டாரத்தின் பழைய வீடுகளையும் கோபுரங்களின் மேல்தளங்களையும் தாங்கி நிற்பவை மர உத்திரங்களே. இவற்றைப் புதுப்பிக்கத் தன்னார்வலர் முன்வரும்போது எம்மரபைப் பின்பற்றலாகும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இரு மரபுகள்

கோயில் தொண்டின் முன்மாதிரி, 7ஆம் நூற்றாண்டில் உழவாரப்படை ஏந்திய திருநாவுக்கரசர். இன்றைய உழவாரப்பணிக் குழுக்கள் அவர் வழியில் களை நீக்கித் தளத்தைத் தூய்மை செய்கின்றன. இப்பணிக்கு ஈடுபாடே பெருமுதல்.

தச்சுப்பணி வேறு அடிப்படையில் இயங்கியது. கல்வெட்டுகளில் வரும் ‘தச்சக்காணி’ என்னும் சொல், தச்சருக்கு அளிக்கப்பட்ட நில உரிமையைக் குறிக்கிறது. தச்சர் என்பது கல்தச்சரையும் மரத்தச்சரையும் சுட்டும் பொதுச்சொல். அவர்தம் உழைப்பு கைம்மாறு கருதாத தொண்டன்று. நிலத்தோடு தலைமுறைதோறும் கைமாறிய கடமை. மயமதம், மானசாரம் ஆகிய சிற்பநூல்கள் மர இணைப்புகளைச் ‘சந்திகர்மம்’ எனத் தனி அதிகாரத்தில் கூறுவதும், இது பயிற்சியால் மட்டுமே கைவரும் அறிவு என்பதைக் காட்டுகிறது.

திருப்புடைமருதூர்ச் சான்று

கல்லிடைக்குறிச்சிக்குக் கீழே, கடனா நதி தாமிரபரணியோடு கலக்குமிடத்தில் திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயில் உள்ளது. அதன் ஐந்துநிலைக் கோபுரத்தின் உட்சுவர்களில் ஓவியங்களும், உட்புறத் தூண்களிலும் உத்திரங்களிலும் மரச்சிற்பங்களும் அமைந்துள்ளன. இத்தகைய கட்டடத்தில் மரத்தின் பழுது மரத்தோடு நிற்பதில்லை. உத்திரம் தளர்ந்தால் தளம் இறங்கும். தளம் இறங்கினால் சுவர் விரிந்து, ஓவியம் தாங்கிய சுதை உதிரும். விரைவுக்காகச் சிமெண்டு பூசினால், அது ஈரத்தை வெளியேறவிடாது. அடுத்துள்ள மரம் மேலும் உளுக்கும்.

எனவே தச்சர் முதலில் மரத்தைத் தட்டி, ஒலியால் உட்பொத்தலை அறிவர். நலிந்த பகுதியை மட்டும் அறுத்தெடுத்து, அதே இன மரத்தை நார் ஓட்டம் பார்த்து ஒட்டிணைப்பர். பன்னாட்டு நினைவுச்சின்ன அமைப்பான இக்கோமாஸ் 2017இல் தில்லியில் ஏற்ற மர மரபுரிமைக் கோட்பாடுகளும் இயன்றவரை அதே இன மரத்தையும் மூல உத்தியையுமே பரிந்துரைக்கின்றன. புதிதாகச் சேர்த்த துண்டை அடையாளம் காணுமாறு குறியிடவும் கூறுகின்றன.

தன்னார்வலர் பங்கு

உளி பிடிக்கப் பயிலாத கை சிற்பத்தின்மேல் படலாகாது. ஆயினும் அக்கைகளுக்கு வேலை நிறைய உண்டு. மேல்தள ஒழுக்கைக் கண்டறிதல், வௌவால் எச்சத்தை அகற்றல், கறையான் தடத்தைக் கவனித்தல், ஒவ்வொரு இணைப்பையும் அளந்து வரைந்து படமெடுத்தல் ஆகியவை தச்சர் தொடங்குமுன் முடிய வேண்டியவை. வீடுகளைப் பொறுத்தவரை, இடிக்கப்படும் வீட்டின் தூணும் நிலைக்கதவும் விலைபோகுமுன் ஆவணப்படுத்துதலும் இதில் அடங்கும்.

முடிவுரை

உழவாரம் ஈடுபாட்டைத் தந்தது. தச்சக்காணி திறனைக் காத்தது. காணி மறைந்த இடத்தை ஈடுபாடு மட்டும் நிரப்பாது. தன்னார்வக் குழுக்கள் திரட்டும் பொருளில் ஒரு பங்கு, தச்சரின் நியாயமான கூலிக்கும் அவரிடம் தொழில் பயிலும் இளைஞரின் உதவித்தொகைக்கும் செல்லுமாயின், அதுவே இக்காலத் தச்சக்காணியாகும். அவ்வாறன்றி ஓர் உத்திரத்தை மாற்றியதோடு அமைந்தால், அடுத்த உத்திரம் உளுக்கும்போது அதைத் தட்டி ஒலி கேட்டறியும் காது இராது.