டன்லப் என்னும் பெயர்

கல்கத்தாவின் வடபுறத்தே பராக்பூர் டிரங்கு ரோடில் ஓடும் பஸ்களில் கண்டக்டர் "டன்லப், டன்லப்" என்று கூவுவதை நம் வீட்டுக் குழந்தைகளும் அறிவர். பாராநகரிலுள்ள அச்சந்திப்பிற்குப் பெயரை ஈந்த கம்பெனி என்னவாயிற்று என்பதை அவர்கள் அறியார். அதனை ஈண்டுச் சிறிது கூறுவோம்.

ஹூக்ளி நதிக்கரையில், சாகாகஞ்சில், 1936-ஆம் ஆண்டு டன்லப் தொழிற்சாலை எழுந்தது. நம் நாட்டின் முதல் டயர் ஆலை அதுவே. விமானங்களுக்குரிய டயர்களும் அங்கே உருவாயின. பின்னர்ச் சென்னையை அடுத்த அம்பத்தூரிலும் ஓர் ஆலை அமைந்தமையால், டன்லப் உத்தியோகம் நம்மவருக்கும் புதியதன்று.

1980-களின் நடுவில் ஆங்கிலக் கம்பெனியின் பங்குகள் கைமாறி, துபாய் வணிகர் மனு சாப்ரியாவிடம் நிர்வாகம் சேர்ந்தது. ஆயினும் நலிவு நீங்கவில்லை. 1998-ல் ஆலைகள் மூடப்பட்டன. 2005-ன் இறுதியில் பவன் ரூயா கம்பெனியை வாங்கினார். சாகாகஞ்சில் மீண்டும் வேலை தொடங்கிற்று. அம்மகிழ்ச்சியும் நிலைக்கவில்லை. 2011-ல் 'வேலை நிறுத்திவைப்பு' என்ற அறிவிப்பு வாயிலில் ஒட்டப்பட்டது.

இச்சொற்றொடரைச் சற்று நின்று நோக்க வேண்டும். அந்நாளில் நடப்பிலிருந்த 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டப்படி, ஆட்குறைப்புச் செய்தால் பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டிற்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் ஈடாக அளித்தல் வேண்டும். பெரிய ஆலையை அறவே மூடுவதற்கு அரசாங்கத்தின் முன்னனுமதியும் வேண்டும். 'நிறுத்திவைப்பு' என்று எழுதிவிட்டாலோ, ஆலை மூடப்பட்டதும் ஆகாது, தொழிலாளி நீக்கப்பட்டவனும் ஆகான். வேலை போயிற்றா என்று அவனைக் கேட்டால், இல்லை என்பான். சம்பளம் வருகிறதா என்றாலும், இல்லை என்பான். பதிவேட்டில் பெயர் இருப்பதால் வேறிடம் தேடிப் போகவும் மனம் துணியாது. இன்று திறக்கும், நாளை திறக்கும் என்று வாயிலையே பார்த்திருந்து ஓய்வு வயதை எட்டியவர் பலர். வங்காளத்துச் சணல் ஆலைகளிலும் இவ்வறிவிப்பு பழகிப்போன ஒன்று. ஆதலால் இதன் கொடுமை வெளியார்க்கு எளிதில் புலப்படுவதில்லை என்பது நம் கருத்து. வேலையிழந்தவன் என்ற பெயர்கூட அவனுக்குக் கிட்டவில்லை!

2016-ல் ஆலையை மாநில அரசே ஏற்பதற்கான மசோதா வங்காளச் சட்டசபையில் நிறைவேறிற்று. தொழிலாளர்க்கு மாதம் 10,000 ரூபாய் உதவித்தொகையும் அறிவிக்கப்பட்டது. ஆலை மட்டும் ஓடவில்லை.

2021 பிப்ரவரியில், தேர்தலை முன்னிட்டு, பிரதமரும் மாநில முதலமைச்சரும் இரண்டு நாள் இடைவெளியில் சாகாகஞ்சு டன்லப் மைதானத்திலே பொதுக்கூட்டம் நடத்தினர்.