கூறல் மீனின் காற்றுப்பையும் ஆறாத கால் புண்ணும்

வெராவல் என்றால் ஊரில் யாருக்கும் தெரிவதில்லை. சோமநாதர் கோயிலுக்குப் பக்கத்து ஊர் என்றால் "ஓஹோ" என்பார்கள். அங்கேதான் நமக்குப் பிழைப்பு. மீன் பதப்படுத்தும் ஆலைகள் நிறைந்த ஊர். சதை ஏற்றுமதிக்குப் போகும். தலை, தோல், முள், குடல் எல்லாம் மீன்தூள் அரைக்க லாரி ஏறும். (அந்த லாரிக்குப் பின்னால் பைக்கில் மாட்டியவர்களுக்குத்தான் கஷ்டம் தெரியும்!)

ஒரே ஒரு உறுப்புக்கு மட்டும் ராஜமரியாதை: கோல் மீனின் காற்றுப்பை. நம்ம பாம்பன் பக்கம் கூறல் என்பார்களே, அதே மீன். 2023-ல் குஜராத் இதை மாநில மீனாக அறிவித்தது. இதன் காய்ந்த பை சூப்புக்கும் மருந்துக்குமாக சீனா, ஹாங்காங் பக்கம் போகிறது. அதில் இருப்பது பெரும்பாலும் கொலாஜன், அதாவது நம் தோலை இழுத்துப் பிடித்திருக்கும் புரதம்.

இந்த வியாபாரம் ரொம்பப் பழசு. ஐரோப்பாவில் ஸ்டர்ஜன் மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசைக்கு ஐசிங்கிளாஸ் என்று பெயர். பீரைத் தெளிய வைப்பார்கள். பட்டுத்துணியில் தடவிச் சின்னக் காயங்களுக்கும் ஒட்டுவார்கள். 'கோர்ட் பிளாஸ்டர்' என்ற அந்தப் பட்டுதான் 18, 19-ஆம் நூற்றாண்டுகளின் பிளாஸ்திரி. நல்ல சரக்கு ரஷ்யாவிலிருந்து வரவேண்டும், விலையும் அதிகம். அதனால் 1842-ல் ஜான் ஃபோர்ப்ஸ் ராயில் என்ற ஆங்கிலேயர் இந்தியக் கடற்கரைகளில் ஐசிங்கிளாஸ் தயாரிப்பது பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். நம் மீன்களின் பைகள் அப்போதே சீனாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தன.

கொலாஜனின் வடிவத்தைக் கண்டுபிடித்தது எங்கே தெரியுமா? நம்ம சென்னைப் பல்கலைக்கழகத்தில்! 1954-55-ல் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், மூன்று இழைகள் கயிறு போல முறுக்கிக் கிடக்கின்றன என்று காட்டினார்கள். இந்தக் கயிறு எந்தச் சூட்டில் பிரியும் என்பது மீன் வாழும் தண்ணீரைப் பொறுத்தது. குளிர்கடல் காட் மீனிலிருந்து பிரித்தெடுத்த கொலாஜன் சுமார் 15 டிகிரியிலேயே குலைந்துவிடும். வெப்பநாட்டு மீனுடையது 30-ஐத் தாண்டும்.

வேடிக்கை என்னவென்றால், ஜெயித்தது காட் மீன். ஐஸ்லாந்தின் கெரிசிஸ் நிறுவனம் கொலாஜனைப் பிரிக்கவே இல்லை. தோலிலிருந்து செல்களை மட்டும் நீக்கி, உறையவைத்து உலர்த்தி, அப்படியே புண்ணில் வைக்கச் சொன்னது. கட்டட வேலைக்குச் சாரம் கட்டுவது போல, நம் செல்கள் அதைப் பிடித்து ஏறி வளர்கின்றன. 2013-ல் அமெரிக்க அனுமதி கிடைத்தது; 2023-ல் டென்மார்க்கின் கோலோபிளாஸ்ட் அதிகபட்சம் 130 கோடி டாலர் என்று பேசி வாங்கியது. பிரேசிலின் ஃபோர்டலேசாவில் டாக்டர்கள், குப்பைக்குப் போகிற திலேப்பியா தோலைச் சுத்திகரித்துத் தீக்காயங்களுக்கு ஒட்டினார்கள். தினமும் கட்டுப் பிரிக்கும் வேதனை நோயாளிக்குக் குறைந்தது.

வாரம் தவறாமல் ஊருக்கு போன் போட்டு "அப்பா கால் புண் ஆறிடுச்சாம்மா?" என்று கேட்கும் நமக்கு இது வெறும் விஞ்ஞானச் செய்தி இல்லை. கெரிசிஸ் தோல் பயன்படும் புண்களில் சர்க்கரைக்காரர்களின் கால் புண்ணும் உண்டு.

இங்கே ஆராய்ச்சிக்குப் பஞ்சமில்லை. கொச்சியில் 1957-ல் தொடங்கிய மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் மீன் கழிவிலிருந்து கொலாஜன் எடுக்கும் முறைகளை உருவாக்கியிருக்கிறது. என் பார்வையில் சிக்கல் ஐஸ்தான். மருந்தாக வேண்டிய தோல், கத்தி பட்ட நொடியிலிருந்து ஐஸில் இருக்க வேண்டும். எந்தப் படகு, எந்த நாள் என்ற கணக்கும் வேண்டும். நான் சொன்ன லாரியில் இரண்டும் கிடையாது. மீன்தூளுக்கு அது போதும் என்பதால் யாரும் கேட்பதும் இல்லை.

இன்னொன்று. இதைப் படித்துவிட்டு சமையலறை மீன் தோலை உரித்து யாரும் பெரியவர்கள் காலில் ஒட்டிவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும்! கிருமி நீக்காத தோல் புண்ணைச் சீழ் பிடிக்க வைத்துவிடும்.