புன்னைக்காயலில் இருந்து கொற்கை வரை ஒரு காலை நடை

வீரசோழன், திருச்சுழி பக்கத்துக்காரர்களுக்கு ஆறு என்றால் குண்டாறு தான். வருடத்தில் பெரும்பாலான நாட்கள் மணல், மழை பெய்தால் கொஞ்சம் தண்ணீர். ஆற்றுத் தண்ணீர் கடலில் இருந்து திரும்பி வரும் என்று அங்கே போய்ச் சொன்னால் சிரிப்பார்கள்! ஆனால் தெற்கே தூத்துக்குடி தாண்டி புன்னைக்காயலுக்குப் போனால் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி கடலில் சேரும் இடம் அது.

சித்திரை மாதத்தில், வெயில் ஏறுவதற்கு முன் விடிகாலையில் போக வேண்டும். மன்னார் வளைகுடாவில் ஏற்ற இறக்கம் பெரிதாக இருக்காது, ஒரு மீட்டருக்கும் குறைவு தான். இருந்தாலும் தரை தட்டையாக இருப்பதால் அந்தக் கொஞ்ச உயரமே கடலை வெகுதூரம் உள்ளே கொண்டு வந்து விடுகிறது. கரையோரம் அலையாத்திச் செடிகள், சேற்றில் நண்டு வளைகள், தள்ளி உப்பளங்கள். 'காயல்' என்ற சொல்லுக்கே கடலோரம் தேங்கி நிற்கும் உப்பங்கழி என்று தான் பொருள்.

இங்கிருந்து ஆற்றை எதிர்த்து மேற்கே நடப்பது ஒரு விதத்தில் காலத்தில் பின்னோக்கி நடப்பது போல. ஒரே துறைமுகம் மூன்று இடத்தில் இருந்திருக்கிறது. கடலோரம் புன்னைக்காயல், சற்று உள்ளே பழையகாயல், இன்னும் உள்ளே கொற்கை. நேராக நடக்க முடியாது, ஆற்றின் கிளைகளும் உப்பளங்களும் குறுக்கே வரும், சுற்றித்தான் போக வேண்டும்.

புன்னைக்காயல் 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் காலத்து ஊர். தமிழில் முதன்முதலாக அச்சான நூல்களில் ஒன்றான 'தம்பிரான் வணக்கம்' 1578ல் கொல்லத்தில் அச்சானது. அதைத் தமிழில் செய்த அன்றிக் அடிகளார் என்ற போர்ச்சுக்கீசியப் பாதிரியார் நெடுங்காலம் வேலை செய்தது இந்த மீனவர் ஊர்களில் தான். ஒரு சின்னக் கடற்கரை ஊருக்கு இது பெரிய பெருமை, ஆனால் பாடப்புத்தகத்தில் ஒரு வரியோடு போய் விடுகிறது.

அடுத்தது பழையகாயல். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ எழுதிய 'காயல்' இது தான் என்று பிஷப் கால்டுவெல் சொன்னார். 1870களில் அவரே இங்கு தேடிப் பார்த்து சீனப் பீங்கான் துண்டுகளைக் கண்டார். (காயல்பட்டினம் தான் அது என்று சொல்பவர்களும் உண்டு.) ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து வரும் கப்பல்கள் எல்லாம் குதிரைகளோடு இங்கே தான் நிற்கும், அரசன் வணிகர்களை நியாயமாக நடத்துவதால் விரும்பி வருகிறார்கள் என்று எழுதுகிறார் போலோ. அதோடு ஒரு வியாபார ரகசியத்தையும் சொல்கிறார். பாண்டிய நாட்டில் குதிரை வளர்க்கத் தெரியாமல் நிறைய குதிரைகள் செத்துப் போயினவாம். குதிரை வைத்தியம் தெரிந்த யாரையும் அங்கே போக விடாமல் வணிகர்களே பார்த்துக் கொண்டார்களாம். செத்தால் தானே அடுத்த வருடம் திரும்பவும் வாங்குவார்கள்! பாரசீக எழுத்தாளர் வஸ்ஸாஃப் சொல்லும் கணக்கில், கிஷ் தீவில் இருந்து ஒரு வணிகர் மட்டுமே வருடத்துக்கு 1400 குதிரைகள் அனுப்ப ஒப்பந்தம் இருந்தது.

குதிரைக்குக் கொடுத்த பொன் எங்கிருந்து வந்தது? அதில் ஒரு பங்கு இந்தக் கடலின் முத்தில் இருந்து. முத்துக்குளிப்பு ஏப்ரல் தொடங்கி மே நடுப்பகுதி வரை, அதாவது இதே கோடைத் தொடக்கம் தான். கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. சுறா கடிக்காமல் மந்திரம் போடுபவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு. அந்த மந்திரம் பகலுக்கு மட்டும் தான், மாலையில் எடுத்து விடுவார்கள், ராத்திரி யாரும் திருட்டுத்தனமாகக் குளிக்கக் கூடாது என்பதற்காக! இன்சூரன்சும் காவலும் ஒரே ஆளிடம்... 1961க்குப் பிறகு தூத்துக்குடியில் அரசு முத்துக்குளிப்பு நடக்கவில்லை.

கடைசியில் கொற்கை. இன்று கடலில் இருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஒரு கிராமம். சுற்றிலும் வயல், வாழை. கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்க நூலான பெரிப்ளூஸ் இதைக் 'கொல்கி' என்கிறது. தண்டனை பெற்ற கைதிகளை வைத்து முத்தெடுத்தார்கள் என்றும் சொல்கிறது. புலவர்கள் பாடிய கொற்கை முத்துக்குப் பின்னால் கைதிகளின் மூச்சு இருந்தது என்பது கொஞ்சம் கசப்பான செய்தி தான். 1968-69ல் தமிழகத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது கிடைத்த கரிமக் காலம் கி.மு. 785. அறுத்த சங்குகளும் நிறையக் கிடைத்தன. பக்கத்தில் அக்கசாலை என்று ஓர் ஊர் இருக்கிறது. நாணயம் அடிக்கும் இடம் என்று பொருள்.

கொற்கையை எந்தப் படையும் வந்து அழிக்கவில்லை. ஆறு கொண்டு வந்த வண்டலையும், கடல் நீரோட்டம் ஒதுக்கிய மணலையும் சேர்த்து முகத்துவாரம் தூர்ந்தது. கப்பல் வர முடியாமல் வணிகர்கள் கீழே நகர்ந்தார்கள். பிறகு காயலுக்கும் அதே கதி. வயலுக்கு வளம் தந்த அதே வண்டல் தான் துறைமுகத்தை மூடியது.

இப்போது நடப்பது அதற்கு நேர் எதிர். 19ஆம் நூற்றாண்டில் கட்டிய ஸ்ரீவைகுண்டம் அணை தான் ஆற்றின் கடைசி அணை. கோடையில் அதைத் தாண்டி வரும் நல்ல தண்ணீர் குறைவு. தள்ளுவதற்கு ஆற்றில் நீர் இல்லாதபோது உப்புத் தண்ணீர் உள்ளே ஏறுகிறது. 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய ஆத்தூர் வெற்றிலை விளைவது இந்தப் பகுதியில் தான். உப்பு ஏறினால் வெற்றிலைக் கொடி தாங்காது. அதே 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டி இந்த ஊர்கள் எல்லாம் வெள்ளத்தில் மூழ்கின. நான்கு மாதம் கழித்துச் சித்திரை வந்தபோது கடைமடை விவசாயி மறுபடியும் அணைப் பக்கம் தான் பார்த்துக் கொண்டிருந்தார்.