துடைக்க மறந்த வரிகள்

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை அன்றைய முதல்வர் ஜெயலலிதா திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கிவைத்தார். ஆரணி, பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் கைக்கும் அந்தக் கணினிகள் வந்து சேர்ந்தன. அவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடித்தளமாகக் கொண்டு சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய இயங்குதளம் அது. அதில் டெர்மினலைத் திறந்து, ஏதாவது ஒரு மென்பொருளை மூலநிரலிலிருந்து பில்ட் செய்து பார்த்த பிள்ளைக்குத் திரை முழுக்க வரிகள் ஓடியிருக்கும். அந்த வரிகளுக்கு அரை நூற்றாண்டு வரலாறு உண்டு.

1970களின் நடுவில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஸ்டீவ் ஜான்சன் ஒரு காலைப் பொழுதையே வீணாக்கினார். நிரலில் இருந்த பிழையை முன்பே திருத்திவிட்டார். திருத்திய கோப்பை மறுபடி கம்பைல் செய்யாததால் பழைய பிழையே திரும்பத் திரும்ப வந்தது. அவருடைய புலம்பலைக் கேட்ட ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன், மாறிய கோப்புகளைத் தானே கண்டறிந்து மறுபடி கம்பைல் செய்ய எழுதிய கருவிதான் ‘மேக்’. ஒவ்வொரு கட்டளையையும் ஓட்டுவதற்கு முன் அதைத் திரையில் காட்டுவது மேக்கின் இயல்பு. காட்ட வேண்டாமென்றால் வரியின் தொடக்கத்தில் ‘@’ போட வேண்டும்.

1979இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்புடன் வந்த, கட்டளைகளை வாங்கி ஓட்டும் போர்ன் ஷெல்லிலும் ‘-எக்ஸ்’ என்ற விசை இருந்தது. அதைப் போட்டால் ஸ்கிரிப்ட் ஓடும் ஒவ்வொரு அடியும் வெளியே தெரியும். அதுவும் போதாதபோது நிரலாளர்கள் ஆங்காங்கே ஒரு ‘எக்கோ’ கட்டளையை வைத்து, “இதுவரை வந்தது” என்று பிரிண்ட் போட்டுப் பார்ப்பார்கள். பிழை பிடிபட்டதும் வேலை முடிந்த நிம்மதியில் அந்த வரியை அழிக்க மறந்துவிடுவார்கள். வெளியிடப்படும் மென்பொருளோடு அந்த வரியும் சேர்ந்தே போய்விடும்.

இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிட முடியாது. ஒரு ஸ்கிரிப்டின் வெளியீட்டை இன்னொரு ஸ்கிரிப்ட் உள்ளீடாக எடுத்துக்கொள்ளும் இடத்தில், மிஞ்சிய ஒரு ‘எக்கோ’ போதும், பில்ட் உடைந்துவிடும். ‘-எக்ஸ்’ விசை தரும் ஆபத்து இன்னும் பெரியது: மாறிகளின் மதிப்பை அப்படியே விரித்துக் காட்டுவதால், கடவுச்சொல்கூட லாக் கோப்பில் பதிந்துவிடும்.

ஆனால் பில்டின் வாயை மொத்தமாக அடைத்துவிடுவதும் சரியல்ல. லினக்ஸின் கருவான கெர்னல், 2.6 பதிப்பின் காலத்தில் பில்ட் வரிகளைச் சுருக்கிக் காட்டத் தொடங்கியபோதும், முழு விவரம் கேட்பவர்களுக்கு ‘வி=1’ என்ற வழியைத் திறந்தே வைத்தது. பாஸின் தாயான டெபியனோ, பில்ட் இயன்றவரை விரிவாகப் பேச வேண்டும் என்பதை 2018இல் தன் கொள்கையிலேயே எழுதிவைத்தது. எந்தக் கட்டளை எந்த விசைகளோடு ஓடியது என்ற பதிவு இருந்தால்தான் நாளை ஒரு பழுதின் வேரைத் தேட முடியும். நிரலாளர் தனக்காகப் போட்டுக்கொண்ட வரி அப்படிப்பட்ட பதிவல்ல.

வேண்டிய வரி எது, வேண்டாதது எது என்ற கேள்வி 2014இல் பெரிய சண்டையாகவே வெடித்தது. கணினியைத் தொடங்கும்போது கெர்னலுக்கென்று கொடுத்த ‘டீபக்’ என்ற சொல்லை, லினக்ஸில் மற்ற சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி என்ற மென்பொருள் தனக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டு, செய்திகளைக் கொட்டித் தீர்த்தது; கணினி தொடங்கவே முடியாத நிலை வந்தது. கோபமடைந்த லினக்ஸின் தந்தை லினஸ் டோர்வால்ட்ஸ், சிஸ்டம்டி உருவாக்குநர்களில் ஒருவரான கே சீவர்ஸின் நிரலை, இந்தப் போக்கு மாறும்வரை கெர்னலில் சேர்க்கப்போவதில்லை என்று அறிவித்தார்.

பாஸுக்கோ டெபியனுக்கோ ஸ்கிரிப்ட் எழுதத் துணியும் ஆரணிப் பிள்ளைகள் சோதனை வரிகளைத் தாராளமாகப் போடட்டும். அவற்றை வழக்கமான வெளியீட்டோடு கலக்காமல், பிழைச் செய்திகளுக்கான தனி ஓடைக்கு (stderr) அனுப்பட்டும்; வெளியிடும் முன் ஒருமுறை தேடி நீக்கட்டும்.